எமிலியை அனுப்பலாமா, சகாயம்?

என் கண்ணான தோழி சகாயம்,

உன் தங்கச்சி எமிலியைப் பிலிப்பைன்ஸுக்கு அனுப்பலாமா, வேண்டாமா என்று உன் அம்மா என்னைக் கேட்டிருக்கிறார். புதன்கிழமை வந்து பதில் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். இன்று ஞாயிறு. திண்டிவனத்தில் நம் சங்க அலுவலகத்தில் யாரும் இல்லை. நீ மனு எழுத உட்காரும் மேசையில்தான் உட்கார்ந்திருக்கிறேன். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

ஆமாம், அதே பயிற்சிதான். கிராமத்து இளைஞர்களைத் தலைவர்களாக்குகிறோம் என்று ஆறு மாதம் அழைத்துப் போகிறார்களே, அதுதான். சங்கத்தில் எல்லோரையும் விட்டுவிட்டு உன்னைத்தான் முதலில் தேர்ந்தெடுத்தார்கள். உன்னால் போக முடியாவிட்டால் என்று சும்மா ஒரு பேச்சுக்கு என் பெயரையும் சேர்த்துக்கொண்டார்கள். நீ அன்றைக்கு என்ன சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? "பேருதான் அஞ்சலை. அஞ்சாத நாளே கெடையாது. உன்ன ஏரோப்ளேன்ல ஏத்தணும்னா கயிறு போட்டுத்தான் கட்டணும்டி." இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அந்த ஐப்பசி மழையில் உனக்குக் காய்ச்சல் வந்தது. கண் மஞ்சளாக இருந்தது. காலனிக்கு எதிரில் ரோட்டில் உன்னைப் பிடித்துக்கொண்டு நானும், நான் அத்தை என்று கூப்பிடும் உன் அம்மாவும் நின்றோம். டவுன் பஸ் வழக்கம்போல நிற்காமல் போனது. ஊர் ஸ்டாப்பிங்குக்கு உன்னை நடத்திக் கூட்டிப்போக முடியாது. உன் அப்பா சைக்கிள் கேரியரில் உன்னை உட்காரவைத்துத் திண்டிவனம் வரை தள்ளிக்கொண்டே போனார். அங்கிருந்து விழுப்புரம் ஆஸ்பத்திரி. அப்புறம் நீ வீட்டுக்கு வரவில்லை. அந்தப் பஸ் நின்றிருந்தால் நீ பிழைத்திருப்பாயா? தெரியாது சகாயம். இன்றுவரை எனக்குத் தெரியாது.

உன் காரியம் முடிந்த மறு வாரமே, சங்கத்தை நடத்தும் நிர்மலா அக்கா என்னைக் கூப்பிட்டார். "அஞ்சல, பாஸ்போர்ட்டுக்கு ஃபோட்டோ எடுக்கணும், வா" என்றார். செத்தவள் இடத்தில் போய் உட்காருவதா? நான் கிளம்பும் அன்று பஸ் ஸ்டாண்டுக்கு அத்தை வந்தார். உனக்கென்று பஜாரில் வாங்கி வைத்திருந்த சூட்கேஸை என் கையில் கொடுத்தார். அழவில்லை. "ஒழுங்கா போயி ஒழுங்கா வந்து சேரு. இன்னொன்னுக்கு அழ எங்கிட்ட தெம்பு இல்ல" என்றார். அந்தச் சொல் மீனம்பாக்கம் வரைக்கும், அதைத் தாண்டியும் என் நெஞ்சில் கல்லாக இருந்தது.

விமானத்தில் இடுப்புப் பட்டையை மாட்டிவிட்டார்கள். அதை எப்படிக் கழற்றுவது என்று தெரியவில்லை, கேட்கவும் பயம். இறங்கும்வரை தண்ணீர்கூடக் குடிக்காமல் கட்டிப்போட்ட ஆடு மாதிரி உட்கார்ந்திருந்தேன். நீ சொன்ன கயிறு அதுதான் என்று நினைத்தேன். சிரிப்பு வரவில்லை.

மணிலாவில் முதலில் வகுப்புகள். நேபாளம், கென்யா, இந்தோனேஷியா என்று எங்கெங்கிருந்தோ வந்த பிள்ளைகள். எல்லோருக்கும் என்னைவிட நன்றாக இங்கிலீஷ் வந்தது. முதல் நாள் ஆளுக்கொரு அட்டையைக் கொடுத்து, ஒரு தலைவருக்கு என்ன வேண்டும் என்று ஒரே வார்த்தையில் எழுதச் சொன்னார்கள். தைரியம், உழைப்பு, நேர்மை என்று எழுதி ஒட்டினார்கள். நான் தமிழில் 'சகாயம்' என்று எழுதி ஒட்டினேன். அதற்கு என்ன அர்த்தம் என்று ஆசிரியை கேட்டார். உதவி என்று அர்த்தம் என்றேன். நல்ல வார்த்தை என்றார். அது உன் பெயர் என்று நான் சொல்லவில்லை.

பிறகு ஆளுக்கொரு கிராமத்துக்கு வேலை பழக அனுப்பினார்கள். எனக்கு ஒரு தீவில் மீனவர் குப்பம். தங்கியது நேனா என்ற பெண்ணின் வீட்டில். நம் வயதுதான். மீனவப் பெண்கள் சங்கத்துக்குச் செயலாளர். பெரிய இழுவைப் படகுகள் கரையோரம் வந்து அவர்கள் வலையை அறுத்துக்கொண்டு போகின்றன என்பதுதான் அங்கே வழக்கு. நேனா பேசினால் கிழவர்கள்கூட வாயை மூடிக்கொள்வார்கள். பார்த்த உடனே உன் ஞாபகம்தான் வந்தது.

ஒரு நாள் சாயங்காலம் கூட்டத்துக்குக் கிளம்பும்போது அவளைக் காணோம். தேடிப் போனால், வீட்டுக்குப் பின்னால் தென்னை மரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். பதறிப்போய், "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டேன்.

"இல்லை. மீட்டிங்" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. ஒவ்வொரு கூட்டத்துக்கு முன்பும் இப்படித்தான் என்றாள். வாயைக் கொப்பளித்தாள், தலையை வாரிக்கொண்டாள், போய்ப் பேசினாள்.

அன்றைக்கே கூட்டம் நடந்த இடத்துக்குப் பட்டாளத்துக்காரர்கள் வந்தார்கள். துப்பாக்கியோடு வாசலில் நின்று, இங்கே யார் தலைவர் என்று கேட்டார்கள். நேனா எழுந்து, நான்தான் செயலாளர் என்றாள். குரல் பாதியிலேயே உடைந்தது. பெயரை எழுதிக்கொண்டு போனார்கள். அவர்கள் ஜீப் சத்தம் ஓய்ந்த பிறகு அவளால் எழுந்திருக்க முடியவில்லை. கால் இரண்டும் விறைத்துக்கொண்டன. நான்தான் கெண்டைக்காலைத் தேய்த்துவிட்டேன். சகாயம், நீயும் இப்படித்தான் இருந்தாயா? கலெக்டர் ஆபீஸ் போகும் நாளெல்லாம் காலையில் சாப்பிடாமல் வருவாயே. விரதம் என்று சொல்வாயே. அது விரதமே இல்லையோ?

கடைசி நாள் எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்து, என்ன கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டார்கள். இனி யாருக்கும் பயப்பட மாட்டேன் என்றாள் நேபாளத்துப் பெண். கைதட்டினார்கள். என் முறை வந்தது. பயந்துகொண்டே வந்தேன், இன்னும் கொஞ்சம் அதிகப் பயத்தோடு போகிறேன் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. வந்தபோது கடலும் விமானமும்தான் பயமாக இருந்தன. திரும்பும்போது நம் ஊர் பயமாக இருந்தது. போய்ச் சேர்ந்ததும் என்னிடம் என்ன எதிர்பார்ப்பார்கள் என்று தெரியும்.

எதிர்பார்த்தார்கள். "லீடரம்மா வந்துட்டாங்க, இனிமே பஸ்ஸு நம்ம வீட்டு வாசல்லியே நிக்கும்" என்று காலனி ஆண்கள் கேலி பேசினார்கள். நீ எழுதியது போதாதென்று நானும் மனு எழுதினேன். பஸ் நிற்கவில்லை. எமிலியும் மற்றப் பிள்ளைகளும் பையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஸ்டாப்பிங்குக்கு ஓடுவார்கள். பாதி நாள் பஸ்ஸைத் தவறவிடுவார்கள்.

ஒரு நாள் காலை காலனிக்கு எதிரில் நானும் அவர்களோடு நின்றேன். பஸ் மெதுவாக வந்தது. பிள்ளைகள் முன்னால் வந்ததும் டிரைவர் சிரித்துக்கொண்டே வேகத்தைக் கூட்டினான். என் கால் எப்படி ரோட்டில் இறங்கியது என்று எனக்கே தெரியாது. பிரேக் சத்தம் மட்டும் கேட்டது. கண்ணைத் திறந்தால் என் இரண்டு கையும் பஸ்ஸின் மூக்கில் இருந்தன. உள்ளங்கை சுட்டது.

"ஏம்மா, சாவறதுக்கு என் பஸ்ஸுதான் கெடச்சுதா? நவுரு!" என்று டிரைவர் கத்தினான்.

"காலங்காத்தால பேஜாரு பண்ணிக்கினு! ஏத்திட்டுப் போய்யா!" என்று உள்ளேயிருந்து ஒருவர்.

பிள்ளைகளை ஏறச் சொல்ல வேண்டும். எனக்குக் குரல் வரவே இல்லை. வாய் மட்டும் அசைந்தது. பின்னாலிருந்து எமிலி கத்தினாள்: "ஏறுங்கடி! ஜல்தி ஏறுங்க! அக்கா புடிச்சிக்கினு இருக்குது!" நான் ஏதோ கையால் பஸ்ஸைப் பிடித்து நிறுத்தி வைத்திருப்பது மாதிரி.

அன்று போலீஸ் ஸ்டேஷனில் பொழுது சாயும்வரை உட்காரவைத்தார்கள். "ஃபாரின்காரன் சொல்லிக் குடுத்துட்டு அனுப்புனானா?" என்று கேட்டார்கள். நிர்மலா அக்கா வந்துதான் கூட்டிப்போனார். ஊர்க்காரர்கள் மல்லாட்டைக் கடலை பிடுங்கக் காலனி ஆட்களைக் கூப்பிடவில்லை. வெளியாட்களை வைத்து முடித்துக்கொண்டார்கள். அந்த நாட்களில் வாசலில் சைக்கிள் மணி கேட்டாலே போலீஸ்தான் என்று கொல்லைப்புறம் போய் நின்றுகொள்வேன். என்னால் எத்தனை வீட்டில் அடுப்பு எரியவில்லையோ என்று தலை குனிந்தே நடந்தேன். மழைக்காலம் முடிந்த பிறகு, காலையும் மாலையும் ஒரு நடை காலனியில் நிற்கும் என்று பஸ் ஆபீஸில் உத்தரவு போட்டார்கள். நிற்கிறது. சில டிரைவர்கள் வேண்டுமென்றே தள்ளி நிறுத்துகிறார்கள். ஓடித்தான் ஏற வேண்டும். ஏறுகிறோம்.

இப்போது எமிலி ப்ளஸ் டூ முடித்துச் சங்கத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். உன் குரல், உன் கோபம், அதைவிட ஒரு பிடி கூடவே. இந்த வருஷம் அவளைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். "நீ போனியேக்கா, நான் போவக் கூடாதா?" என்கிறாள். நான் என்ன சொல்ல? அத்தைக்கு விமானம் பயம், கடல் பயம். எனக்கு வேறு பயம். போனவள் வந்துவிடுவாள். வந்த பிறகு சும்மா இருக்க மாட்டாள். என் முன்னால் அந்தப் பஸ் நின்றது. அவள் முன்னால் நிற்காமல் போனால்?

சகாயம், மேலே எழுதியது ஞாயிற்றுக்கிழமை. இன்று புதன். உன் வீட்டுக்குப் போய்விட்டு வந்து மீதியை எழுதுகிறேன்.

அத்தை வாசலில் முறத்தை வைத்துக்கொண்டு மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார். எமிலி வீட்டுக்குள்ளேயே நின்றாள், வெளியே வரவில்லை. நானும் உட்கார்ந்து உரித்தேன். வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்றுதான் போனேன். உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது?

"மெய்யா சொல்லு கண்ணு. அங்க ஒனக்கு பயமா இருந்துச்சா?" என்று கேட்டார் அத்தை.

"இருந்துச்சு அத்த."

"இங்க?"

"இங்க அதவிட."

அத்தையின் கை உரித்துக்கொண்டே இருந்தது. முறம் நிறைந்து பருப்பு கீழே கொட்டியதுகூடத் தெரியவில்லை. பிறகு, நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்.

"அப்ப போவட்டும். பெரியவ எங்கியும் போவலியே. எங்கூட இங்கியேதான இருந்தா."

உள்ளே எமிலி அழும் சத்தம் கேட்டது. போகட்டும் என்று நானும் சொன்னேன். சொன்ன பிறகு உடம்பெல்லாம் குளிர்ந்தது. இதை எழுதும்போதும் குளிர்ந்துதான் இருக்கிறது.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். மீனம்பாக்கத்தில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கடைசிவரை நிற்பேன். அவள் திரும்பி வரும்வரை உன் வீட்டில்தான் படுப்பேன். அத்தை நடுவில் எழுந்து உட்கார்ந்தால் நானும் எழுந்து உட்காருவேன். அவள் வந்து எந்த ரோட்டில் இறங்கினாலும் அவளைத் தனியாக இறங்க விட மாட்டேன். பயப்படாமல் இருப்பேன் என்று மட்டும் வாக்குக் கேட்காதே. அது என்னால் ஆகாது.

உன் வீட்டுப் பெண்ணாகவே ஆகிப்போன,
எமிலியின் இன்னொரு அக்கா,
அஞ்சலை