ஆளுக்கொரு கொம்பு

செவ்வாய் இரவு

போன கிழமை இறந்த ஹான்ஸ் ஐயாவின் அறையை, நான் வேலைசெய்யும் சுவிஸ் ஓல்டன் முதியோர் இல்லத்துக்கு வந்து அவருடைய மகனும் மகளும் இன்று காலிசெய்தார்கள். அமெரிக்காவில் அவர் வில்லால் வேட்டையாடிய மானின், மண்டையோட்டோடு சேர்ந்திருந்த கொம்புகள் யாருக்கு என்று வாக்குவாதம். கடைசியில் மகன் மரம் அரியும் வாளைக் கொண்டுவந்தான். ஆளுக்கொரு கொம்பு.

மண்டையோடு பிளந்தால் வேட்டைச் சாதனைப் புத்தகத்துக்குக் கொம்புகளை அளக்கமாட்டார்கள் என்று ஐயா எத்தனை தடவை சொல்லியிருப்பார். அளக்கக் கொடுக்க வேண்டும் என்றே இருந்தவர்.

அதைச் சொன்னேன். “இனி யாருக்காக அளக்கிறது?” என்றாள் மகள்.

“சும்மா இரு பிள்ளை, உது அவையின்ரை விசயம்” என்றார் என்னுடன் வேலைசெய்யும் சாந்தி அக்கா.

அரியத் தொடங்கியதும் மண்டையோடு ஆடியது. மகன் என்னைப் பிடிக்கச் சொன்னான். பிடித்தேன்.

அரிந்து முடித்ததும் இரண்டு கொம்புகளையும் பக்கத்தில் வைத்து, எது நீளம் என்று அளந்து பார்த்தார்கள்.