கீரிமலைக்குப் போக வேண்டிய செம்பு

புதன், அக்டோபர் 25, 2006

புகைமூட்டம். எதிர் வீடு பாதிதான் தெரிகிறது. ஜன்னல்கள் சாத்தியாயிற்று.

நான் மாலையில் காருக்குள் உட்கார்ந்து இறந்துபோன கணவருடன் பேசுகிறேன் என்று எங்கள் ஊர் அசாம் ஜாவா முழுக்கச் சொல்கிறார்களாம். பேசுவதில்லை. பேட்டரி செத்துவிடக் கூடாதென்று எஞ்சினைச் சற்று ஓடவிடுகிறேன், அவ்வளவுதான். அவர் அஸ்தி முன் இருக்கையில் இருப்பது உண்மை. செம்பு, வெள்ளைத் துணி, சீட் பெல்ட். வீட்டுக்குள் வைக்கக் கூடாதென்றார் ஐயர். மரத்தில் தொங்கவிட எனக்கு மனமில்லை. கீழே பூனைகள்.

கீரிமலைக் கடலில் கரைக்க வேண்டும் என்பது அவர் ஆசை. எட்டு வயதில் விட்டுவந்த யாழ்ப்பாணத்து ஊர். மீதி ஆயுள் முழுவதும் கடல் கடந்து இங்கே, ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியின் மகனாக, பிறகு தானே கிராணியாக. ஆசை மட்டும் அங்கே. கீரிமலை இப்போது ராணுவ வேலிக்குள்.

ஜனவரியில் போய்ச் சேர்ந்தார். பிப்ரவரிச் சமாதானப் பேச்சுவார்த்தை முடியட்டும் என்றான் மகன் ரவி. பிறகு ஜூன். ஆகஸ்டில் யாழ்ப்பாணப் பாதையையே மூடிவிட்டார்கள். இப்போது ஜெனீவாவில், வருகிற சனி ஞாயிறு.

வாங்க வேண்டியது: பெருங்காயம், விளக்குத் திரி, முகமூடி.

வியாழன், 26

பக்கத்து வீட்டுக் கமலா முறுக்குடன். தீபாவளி மிச்சம். நமுத்துவிட்டது.

"டீச்சரம்மா, கோச்சுக்காதீங்க. அய்யாவ இன்னும் எத்தன நாளைக்கு வண்டியிலயே உக்கார வெப்பீங்க? ஆத்துல கரைச்சி விட்டுருங்க லா. எல்லாத் தண்ணியும் கடலுக்குத்தான போவுது."

"சண்டை நின்றால் ஊருக்குக் கொண்டுபோவான் மகன்."

"நிக்குமா?"

தேநீர் ஊற்றினேன்.

சனி, 28

மழை. புகை கொஞ்சம் இறங்கியது.

புஞ்சாக் ஆலாம் வீட்டிலிருந்து ரவி வந்தான். செருப்பைக் கழற்றும் முன்பே செய்தி.

"அம்மா, ஜெனீவால ஆரம்பிச்சிட்டாங்க. இந்த முறை வெளிநாட்டுக்காரங்க சும்மா விட மாட்டாங்க லா."

"ஜூனிலும் இதையே சொன்னாய்."

"பாதை திறந்ததும் நாமளே போவோம். அப்பா இருந்திருந்தா நம்பியிருப்பார்."

நம்பியிருப்பார். அதுதான் என் கோபம். தொலைக்காட்சியில் யாராவது கைகுலுக்கினால் சட்டை மாட்டிக்கொண்டு வந்து உட்காருவார், விருந்தாளி வந்ததுபோல. ஒவ்வொரு முறையும். பிறகு சட்டையைக் கழற்றி மடித்து வைப்பது நான்.

சிறுமியாக இருந்தபோது கான்வென்ட்டில் சிஸ்டர் சமாதானத்துக்காக ஜெபிக்கச் சொன்னார். முழங்கால் வலிக்க ஜெபித்தோம். ஜப்பான்காரன் வந்தான்.

இங்கே குவாலா சிலாங்கூர் ஆற்று முகத்துவாரத்திலேயே கரைத்துவிடலாம் என்றேன். ரவி எழுந்துவிட்டான்.

"நான் செய்ய மாட்டேன். அப்பாக்குக் குடுத்த வாக்கு."

கொள்ளி வைத்தவன் அவன். அவன் கைதான் கரைக்க வேண்டும்.

ஞாயிறு, 29

நேற்று ரவியுடன் வந்த அவன் மகள் விட்டுச்சென்ற குடை, வாசலில். காலையிலிருந்து தலைவலி.

பல நாள் முயன்று இன்று யாழ்ப்பாணத்து மானிப்பாய்க்குத் தொலைபேசி கிடைத்தது. அவருடைய தங்கை. குரல் மெலிந்துவிட்டது. ஜெனீவாவைப் பற்றி அங்கே என்ன பேசுகிறார்கள் என்று கேட்டேன்.

"இஞ்ச ஆர் மச்சாள் அதைக் கேக்கினம்? மண்ணெண்ணெய்க்கு வரிசையில நிக்கவே பொழுது போயிடுது. சீனியைக் கண்டு கனநாள்."

அண்ணாவைக் கொண்டுவர முடியவில்லை என்றேன்.

"அண்ணாவை அங்கேயே விடுங்கோ. இஞ்ச வந்தும் வரிசையிலதான் நிக்கோணும்."

சிரித்தாள். நானும். பிறகு தொடர்பு அறுந்தது.

திங்கள், 30

தெளிந்த வானம், பல நாளுக்குப் பிறகு.

காலை வானொலி. பேச்சு முடிந்தது. பாதையைத் திற என்றது ஒரு தரப்பு, முடியாது என்றது மறு தரப்பு. அடுத்த சந்திப்புக்கு நாள்கூடக் குறிக்கவில்லை. செய்தி வாசித்தவள் அதே குரலில் வானிலைக்குப் போனாள்.

ரவி அழைத்தான். "மறுபடியும் பேசுவாங்கம்மா. பேசித்தான் ஆகணும்."

பேசுவார்கள். அவர்களுக்கென்ன, ஹோட்டல் அறை, குளிர்சாதனம். கார் இருக்கையில் கட்டுண்டு கிடப்பது என் மனிதர்.

பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டேன். இன்று பேசினேன். கமலா பார்த்தாள். பார்க்கட்டும்.

ரவிக்கு அனுப்ப வேண்டியது, நாளைக் காலைத் தபாலில்:

ரவி, சனிக்கிழமை காலை குவாலா சிலாங்கூரில் படகுக்குச் சொல்லியிருக்கிறேன். ஐயர் வருகிறார். உன் மானிப்பாய் அத்தை சம்மதித்துவிட்டாள். நீ வந்தால் நீ கரைப்பாய். வராவிட்டால் நான் கரைப்பேன், ஐயர் என்ன சொன்னாலும். ஜெனீவாவைப் பற்றி ஒன்றும் வேண்டாம். தொலைபேசியும் வேண்டாம். வருகிறாயா இல்லையா என்று வெள்ளிக்கிழமைக்குள் எழுதி அனுப்பு.