கச்சேரி நடக்கும் சர்ச்

அன்புள்ள அம்மாவுக்கு ஸ்தோத்திரம். முட்டிவலி தேவலையா? தனுஷ் சரியாகச் சாப்பிடுகிறானா?

"புள்ளைக்கு அடுத்த மாசம் இருதய ஆபரேஷன், அங்க சர்ச்சுல முழங்கால் போடுமா" என்றாயே, நான் வேலை பார்க்கும் இந்த வெளிநாட்டு ஊர் சர்ச்சுக்குப் போனேன். நம்ம தாமல் சர்ச் பழக்கத்தில் ஷூவை வாசலிலேயே கழற்றிவிட்டு நுழைந்தால், பீடம் இருந்த இடத்தில் டிரம்ஸ் வாசித்துப் பழகுகிறார்கள்! காவல்காரர் சிரித்தார். ஆராதனைக்கு ஆள் குறைந்து இருபது வருஷத்துக்கு முன்பே விற்றுவிட்டார்களாம். இடிக்க விடாமல் ஊர்க்காரர்கள் வாங்கிக் கச்சேரி மண்டபமாக்கினார்களாம்.

"என் மகனுக்காக ஒரு நிமிஷம்" என்று கேட்டு முழங்கால் போட்டேன். வாசித்தவர்கள் தாமாகவே நிறுத்திவிட்டார்கள். அந்த அமைதியில் எனக்கு ஜெபமே வரவில்லை. அவன் பெயரை மட்டும் சொன்னேன்.

ஆபரேஷனுக்கு வர வேலையில் லீவு தரமாட்டோம் என்கிறார்கள். அவன் பிடித்துக்கொண்டு தூங்கும் நீலத் துண்டை ஆஸ்பத்திரிக்கு மறக்காமல் எடுத்துப் போ. பஸ் ஸ்டாப்பில் நின்று எழுதுகிறேன், பஸ் வந்துவிட்டது. மயக்க ஊசி போடும்வரை அவன் கையை விட்டுவிடாதே அம்மா.

கலையரசி