சின்னானின் கொம்பு

1932, சித்திரை 11. பிரிக்பீல்ட்ஸ்

எங்கள் பசு கருப்பி இன்றும் பாதிப் பால்தான் கறந்தாள். வெயில். நான் என்னமோ பாலை மடியில் ஒளித்து வைத்த மாதிரி இவர் காலையிலேயே என்மேல் எரிந்து விழுந்தார். வாயைத் திறந்தால் சண்டை வரும். அதனால்தான் எழுதுகிறேன். மிஷன் பள்ளியில் நாலாவது வரை படிக்க வைத்த அப்பாவுக்குப் புண்ணியம், திட்ட வேண்டியதை இங்கே திட்டிக்கொள்ளலாம்.

எங்கள் மான் சின்னானுக்குக் கொம்பு ஒரு சாணுக்கு மேல் வந்துவிட்டது. தொட்டால் சுடுகிறது. மேலெல்லாம் பூனை முதுகு மாதிரி மெத்தென்ற மயிர். தையில் விழுந்த கொம்பு குச்சி மாதிரி நேராக இருந்தது, இது கிளை விடுகிறது.

‘விழுந்த’ என்று எழுதிவிட்டேன். இவர் பார்த்தால் ‘அறுத்த’ என்று திருத்துவார்.

சித்திரை 12

தூக்கம் வரவில்லை, அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். எழுதிவிட்டால் ஆறும்.

வாசு இவருடைய தம்பி. நான் இந்த வீட்டுக்குக் கல்யாணமாகி வந்தபோது அவனுக்கு ஒன்பது வயது, தாய் இல்லாத பிள்ளை. முதல் நாள் என் முந்தானையைப் பிடித்து, “அண்ணி, உங்களுக்குத் தோசை சுடத் தெரியுமா?” என்று கேட்டான். தெரியாது என்றேன். “பரவால்ல, எனக்குத் தெரியும்” என்றான்! எனக்குப் பிள்ளை பிறக்கவில்லை. பிறக்கவில்லையே என்று அழவும் அவன் விடவில்லை.

சின்னானைக் கொண்டுவந்தவனும் அவன்தான். பூச்சோங் காட்டோரம் புல் அறுக்கப் போனவன், வண்டியில் புல்லுக்கு அடியில் கடமான் குட்டி ஒன்றை மறைத்துக்கொண்டு வந்தான். தாயைக் காணோமாம். இவர் குதித்தார். அன்றைக்குச் சாயங்காலம் இவரே துணியைப் பாலில் நனைத்து அதன் வாயில் வைத்துக்கொண்டிருந்தார். பசுக்களோடு பசுவாக வளர்ந்தது. இந்த மாட்டுப் பொங்கலுக்கு அதன் முதல் கொம்புக்கும் சாயம் பூசினோம். வாசு ஒன்றுக்குச் சிவப்பும் ஒன்றுக்கு நீலமும் அடித்துவிட்டு, “அண்ணே, உங்க மீசைக்கும் கொஞ்சம்?” என்று தூரிகையோடு துரத்தினான். அன்றைக்கு நாங்கள் சிரித்த சிரிப்பு!

பத்து நாள்கூட ஆகவில்லை. ஆற்றோரம் மேயப் போன சின்னான் திரும்பி வந்தபோது தலையில் கொம்பு இரண்டும் இல்லை. அவை இருந்த இடத்தில் ரத்தம். மருந்துக்கடை முதலாளி, அந்தச் சீனத் தௌக்கே, அதற்கு முன்னால் வாசுவிடம் கொம்பு கேட்டிருக்கிறார், அது இவருக்குத் தெரியும். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் இவர் முடிச்சுப் போட்டார்.

“நான் தொடலண்ணே. அதுவா விழுந்திருக்கும்.”

“பரம்பரை மாட்டுக்காரன்கிட்டயே கொம்பு தானா விழும்னு கதை சொல்றியா? திருட்டுப் பயலே!”

திருட்டுப் பயலே. அந்த ஒரு சொல். மறுநாள் துணி மூட்டையோடு கிள்ளானுக்கு ரயிலேறிவிட்டான். அங்கே லோரியில் மூட்டை ஏற்றுகிறானாம்.

வைகாசி 3

விறகு கொண்டுவரும் மலாய்க்காரர் பாக் மாட் என்பவரிடம் கேட்டேன். மான் கொம்பு விழும், காட்டில் நானே பொறுக்கியிருக்கிறேன் என்று மலாயில் சொன்னார். எந்த மாதம் என்று கேட்டால், ஒவ்வொரு மானுக்கும் ஒரு நேரமாம்.

ஓடி வந்து இவரிடம் சொன்னேன். “காட்டுல கிடந்தா புலி அடிச்ச மானா இருக்கும்” என்கிறார். அப்படியானால் மறுபடி முளைக்கிறதே, அது எப்படி? “வெட்டின முருங்கை தழைக்கல?” இந்த மனுஷனுக்கு எல்லாவற்றுக்கும் பதில் இருக்கிறது.

சரி. முளைத்தது மறுபடி விழத்தானே வேண்டும்? இவர் கண் முன்னால் விழட்டும். அதுவரை பொறுக்கிறேன். முருகா, வள்ளிக்காக மான் பின்னாலேயே அலைந்தவன் நீ, உனக்குத் தெரியாததா?

வைகாசி 24

மருந்துக்கடைத் தௌக்கே வீட்டுக்கே வந்துவிட்டார்! பிஞ்சுக் கொம்பைப் பார்த்து நாக்கில் எச்சில் ஊறுகிறது அவருக்கு. இவர் சாட்டையை எடுத்துக்கொண்டு, “என் தம்பியக் கெடுத்தவன் நீதானடா” என்று பாய்ந்தார். தௌக்கே நகரவில்லை. கடைத்தெருவில் பேசும் பாசார் மலாயில் நிதானமாகச் சொன்னார்: “காய்ந்த கொம்பு எனக்கு எதுக்கு? ரத்தம் ஓடுற இந்தக் கொம்புதான் மருந்து. உன் தம்பிகிட்ட இதைத்தான் கேட்டேன். அறுத்தா வலிக்கும்னு என்னை ஏசி அனுப்பிட்டான்.”

இவர் சாட்டையைக் கீழே போட்டார். ராத்திரி சரியாகச் சாப்பிடவில்லை. நான் மோர் ஊற்றினேன். கை கழுவும்போது, “விக்கிறதுக்கு வேற கடை இல்லாமலா போச்சு?” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிடிவாதம்! புலி வால் பிடித்த மாதிரி, விடவும் முடியவில்லை.

ஆடி 6

இன்று ஒரே களேபரம். சின்னானின் கொம்பிலிருந்து தோல் கிழிந்து நார் நாராகத் தொங்குகிறது, ரத்தமும் சொட்டுகிறது. இவர் பதறிப்போனார். கண்ணேறு என்றார், மிளகாய் சுற்றச் சொன்னார். பிறகு மஞ்சளை விளக்கெண்ணெயில் குழைத்து, தன் நல்ல வேட்டியைக் கிழித்து, இரண்டு கொம்புக்கும் கட்டுப் போட்டார். மாட்டுக்குக் கொம்பு முறிந்தால் இப்படித்தான் கட்டுவார்கள். அது சின்னானுக்குத் தெரியவில்லை. பலாமரத்தில் தேய்த்துத் தேய்த்துக் கட்டுத் துணியையும் தோலையும் சேர்த்தே உரித்துவிட்டது. உள்ளே பழுப்பு நிறத்தில் கெட்டிக் கொம்பு. புண்ணே இல்லை!

பக்கத்து வீட்டுத் தங்கமணி வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, “என்னக்கா, மானுக்குத் தலைப்பாகையா?” என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அப்புறம் அடுப்படியில் போய் அழுதேன். மானுக்கு வலிக்குமென்று வேட்டியைக் கிழிக்கத் தெரிகிறது இந்த மனுஷனுக்கு.

ஆவணி 19

சின்னான் கத்துகிற கத்தலில் தெருவே தூங்கவில்லை. பொண்டாட்டி தேடுகிறது. இவர் தாம்புக்கயிறு மாற்றிக் கட்டினார்.

ஐப்பசி 14

தீபாவளிக்கு முறுக்கு பிழிந்தேன். வாசு இல்லாமல் பிழிந்த முதல் முறுக்கு. அச்சிலிருந்து விழுவதற்குள் பச்சை மாவைக் கிள்ளித் தின்பான், எத்தனை அடித்தாலும் கேட்கமாட்டான். இந்த வருஷம் மாவு குறையவே இல்லை.

இவர் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ஒரு டின் முறுக்கை எடுத்துக்கொண்டு கிள்ளான் ரயிலுக்குப் போனார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. வீட்டைப் பெருக்கினேன், பெருக்கியதையே மறுபடியும் பெருக்கினேன்.

பொழுது சாயத் தனியாகத் திரும்பி வந்தார்.

“என்ன சொன்னீங்க?”

“போகட்டும்டா, நீ எடுத்திருந்தாலும் நான் மனசுல வச்சிக்கல, வீட்டுக்கு வாடான்னேன்.”

“அவன்?”

“‘எடுத்திருந்தாலும்னா என்னண்ணே?’ன்னு கேட்டான். திருடன்னு நெனச்சிக்கிட்டே மன்னிக்க வந்தீங்களா, அந்த மன்னிப்பு எனக்கு வேணாம்னு கதவச் சாத்திட்டான். பாத்தியா அவன் திமிர?”

“அவன் சாத்தலன்னா நான் சாத்தியிருப்பேன்” என்றேன். வந்துவிட்டது வாயில். இரண்டு நாளாகப் பேச்சில்லை.

மார்கழி 8

தங்கமணியின் புருஷன் ரயில் எஞ்சினுக்குக் கரி போடும் ஃபயர்மேன், அவர் காதில் விழாத செய்தி இல்லை. ரப்பர் விலை சரிந்து வேலை இல்லாதவர்களை எல்லாம் சர்க்கார் செலவில் பூர்வீக ஊருக்குக் கப்பலேற்றி விடுகிறார்கள் இல்லையா, அதில் வாசுவும் பேர் கொடுத்திருக்கிறானாம். லோரி வேலையும் போய்விட்டதாம். மாசிக் கடைசியில் கப்பல்.

ஊரில் அவனுக்கு யார் இருக்கிறார்கள்? அவன் பிறந்ததே இங்கே. எந்த ஊருக்குப் போகிறானாம்?

இவரிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டார். தொழுவத்துக்குப் போய்ச் சாணியை அள்ளிக்கொண்டே இருந்தார்.

தை 2

மாட்டுப் பொங்கல். பசுக்களைக் குளிப்பாட்டி, கொம்புக்குச் சாயம் பூசி, மாலை போட்டார். சின்னான் பக்கம் வந்ததும் தூரிகையைக் கிண்ணத்தில் வைத்துவிட்டார். பொங்கல் ஊட்டினேன், தின்றது.

தை 20

போன வருஷம் இதற்குள் விழுந்துவிட்டதே! தினமும் காலையில் எழுந்ததும் தொழுவத்துக்கு ஓடிப் பார்க்கிறேன். இரண்டு கொம்பும் கல் மாதிரி நிற்கின்றன. மாசிக் கடைசி வந்துகொண்டே இருக்கிறது. விழாமலே போய்விட்டால்? வாசு பொய் சொன்னான் என்று நானும் ஒரு நாள்... சீ, என்ன எழுதுகிறேன். அவன் என்னிடம் பொய் சொன்னதே இல்லை.

தை 29

நானே போய் வரட்டுமா என்று கேட்டேன். “போ, யாரு வேணாம்னா” என்றார். போகவில்லை. நான் போய்க் கூப்பிட்டால் எனக்காக வருவான். வந்து, திருடன் என்று நினைக்கிறவர் கையால் சோறு வாங்கித் தின்ன வேண்டும். அது வேண்டாம் என் பிள்ளைக்கு.

மாசி 9

விழுந்தது.

காலையில் இவர் தொட்டியில் புல் போட்டார். நான் கன்றை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். சின்னான் தலையைத் தொட்டிக்குள் விட்டது. தொட்டி விளிம்பில் லேசாகத்தான் இடித்தது. தலையைத் தூக்கியபோது இடது பக்கம் கொம்பு இல்லை. புல்லின்மேல் கிடந்தது. கொம்பு இருந்த இடத்தில் கொஞ்சம் ரத்தம், போன வருஷம் இருந்த அதே அளவு. மான் பாட்டுக்குப் புல் தின்கிறது.

இவர் கொம்பைக் கையில் எடுத்தார். அடிப்பக்கத்தைத் தடவினார், அறுத்த அடையாளம் தேடுகிற மாதிரி. சொரசொரவென்று தானாகக் கழன்ற காம்பு. அப்படியே தொட்டி ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

ஒரு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்தேன், இந்த நேரத்தில் சொல்ல என்னென்னவோ. “நாழியாச்சு, பால் ஊத்தப் போகணும்” என்றேன். இவர் எழுந்திருக்கவில்லை. இன்றைக்குப் பால் ஊற்ற நானே போனேன்.

மாசி 10

விடியற்காலையிலேயே குளித்துவிட்டுக் கிள்ளான் போனார். கொம்பு சுவரோரம் அப்படியே இருந்தது. “இத எடுத்துட்டுப் போகலையா?” என்று பின்னாலேயே போய்க் கேட்டேன்.

“அது எதுக்கு? அவனுக்குத் தெரியாததா?”

சாயங்காலம் வந்தார், தனியாகத்தான். கால் கழுவத் தண்ணீர் கொடுத்துவிட்டு நின்றேன்.

“கால்ல விழப் போனேன், சீதா. அண்ணன் தம்பி கால்ல விழக்கூடாதுண்ணேன்னு புடிச்சிக்கிட்டான்.”

“அப்புறம்?”

“சோறு போட்டான். அவனே ஆக்கினது. உப்புக் கரிச்சுது.” மறு காலிலும் தண்ணீரை ஊற்றினார். “நல்லா சாப்பிட்டேன்.”

“வரேன்னானா?”

“கேக்கல. எந்த மொகத்தோட கேப்பேன்?”

இவர் அழுது இன்றைக்குத்தான் பார்க்கிறேன். மாமியார் செத்தபோதுகூட அழாதவர் என்று சொல்வார்கள். திட்டக்கூட மனசு வரவில்லை எனக்கு.

மாசி 12

வலது கொம்பும் விழுந்துவிட்டது. எடுத்து இடது கொம்பின் பக்கத்தில் சாத்தினேன்.

மாசி 17

கப்பலுக்குப் பேர் கொடுத்தவர்கள் துறைமுகத்துக் கொட்டகைக்குப் போக ஆரம்பித்துவிட்டார்களாம், தங்கமணி வந்து சொன்னாள். “உங்க வாசு இருக்கானான்னு தெரியலக்கா. கூட்டம் லா.” இவர் காதிலும் விழுந்தது. சட்டையைப் போட்டார், கழற்றினார். “அவன் இஷ்டம்” என்றார். “இந்தத் தடவயாச்சும் அவன் இஷ்டத்துக்கு விடுவோம்.”

இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு கவளம் தின்றோம்.

மாசி 18

விடிவதற்குள் முழிப்பு வந்துவிட்டது. தொழுவத்தில் பால் கறக்கிற சத்தம், செம்பில் சர் சர்ரென்று. நான் தூங்கிப்போய்விட்டேன், இவர் எழுந்து கறக்கிறார் என்று பதறி எழுந்தேன். பக்கத்தில் பார்த்தால் இவர் படுத்திருக்கிறார், கண்ணைத் திறந்துகொண்டு, அசையாமல்.

கருப்பி வேற்று ஆள் கை பட்டால் உதைப்பாள். சத்தம் போடாமல் கறக்கவிட்டுக்கொண்டு நிற்கிறாள்.

“யாருங்க?” என்றேன்.

“படு” என்றார். “அவன் கறந்து முடிக்கட்டும்.”