இடது கைக்கான தோலுறை

என் அன்பு மனைவிக்கு,

நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா? "துப்பாக்கிக்குச் சட்டை விக்கவா இவ்ளோ படிச்சீங்க மாப்ள?" என்று கேட்ட உன் அண்ணனும் நலமாகத்தான் இருப்பார். அவருக்கென்ன குறை?

கடையில் ஒரு சிறு வேடிக்கை. கையால் தைத்த துப்பாக்கி உறைகளில் இடது கைக்காரர்களுக்கான ஒன்று மட்டும் விற்காமலே தொங்கியது. முதலாளி விலையைக் குறைக்கச் சொல்லும்போதெல்லாம் நான் கூட்டியே எழுதினேன். அதைப் பார்த்தால் நீ இடது கையால் பரிமாறுவது நினைவுக்கு வரும். அது அங்கேயே இருக்கட்டும் என்றிருந்தேன். நேற்று ஒரு காவலாளி வந்தார். "இவ்ளோ விலையா? அப்ப நல்ல சரக்காத்தான் இருக்கும்" என்று பேரம் பேசாமல் இடுப்பில் கட்டிக்கொண்டு போய்விட்டார். "படிச்சவன் மூளையே தனிய்யா!" என்று முதலாளி முதுகில் தட்டினார். இனி எல்லாவற்றுக்கும் நான்தான் விலை போட வேண்டுமாம். அந்த ஆணி காலியாக இருக்கிறது.

ரோஜா முள் குத்துகிறது என்றாயே, தோலில் கையுறை தைக்கச் சொல்கிறேன். உன் இடது கையைக் காகிதத்தில் வைத்து, சுற்றிக் கோடு போட்டு அனுப்பு. வலது கையால் வரைந்தால் கோணலாகத்தான் வரும், பரவாயில்லை. உன் அண்ணனை மட்டும் வரையச் சொல்லாதே.

தபாலுக்கு நேரமாகிவிட்டது.

உன்னவன்