வேன் வந்தால் முடிகிற ஆட்டம்

காலையில் புளியில் முத்தெடுத்துக்கொண்டிருந்தோம். மகள் நாலைந்து புளியமுத்தைக் கைக்குள் மூடி என் முன்னால் நீட்டி, "ஒத்தையா ரெட்டையா?" என்றாள். உடனே உன் நினைப்பு வந்தது. நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது.

விருதுநகரில் நாம் காலேஜில் படித்தபோது, கடைசி வருஷ ப்ராஜெக்டுக்கு எல்லாரும் சம்பளக் கணக்கு, நூலகம் என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். நீ மட்டும், எம். புதுப்பட்டியில் உங்கள் தெருப் பிள்ளைகள் ஆடும் ஒத்தையா ரெட்டையாவைக் கம்ப்யூட்டருக்குள் போட்டியாக ஆடவிடலாம் என்றாய். ஆட்டக்காரர்களுக்கு அந்தப் பிள்ளைகளின் பெயரையே வைத்தாய். முத்து தீர்ந்தவன் வெளியே, கடைசியில் மிஞ்சுகிறவன் ஜெயித்தவன். நான் அப்படித்தான் ப்ரோக்ராம் எழுதினேன். ஒழுங்காகத்தான் ஓடியது.

நீதான் கெடுத்தாய். "ஏலே, எங்கூர்ல யாரையும் வெளிய அனுப்ப மாட்டோம். முத்தெல்லாம் தோத்தவனுக்கு ஜெயிச்சவன் ரெண்டு முத்து போடணும்." அந்த விதியைச் சேர்த்ததும் ஆட்டம் முடியவே இல்லை. அரியர் விழுந்தால் அப்பா பட்டாசுக் கம்பெனிக்கே வேலைக்குக் கூட்டிப் போய்விடுவார் என்ற பயம் உனக்கு. ஆனாலும் விதியை எடுக்க மாட்டேன் என்றாய். எனக்கு எரிச்சலாக வந்தது.

"அப்ப உங்க தெருவுல எப்பத்தான்லே முடியும்?"

"கம்பெனி வேன் வந்ததும். வேலை முடிஞ்சு அம்மாமாரு இறங்குனா பிள்ளைக எல்லாத்தையும் போட்டுட்டு ஓடிருங்க."

அதையே எழுதினோம். எப்போது வரும் என்று தெரியாத ஒரு வேன். அது வரும்போது யாரிடம் முத்து அதிகமோ அவர் ஜெயித்தவர்.

வைவாவில் கேள்வி கேட்க வந்தவர் திரையில் 'வேன் வந்திருச்சு' என்று பார்த்துச் சிரித்துவிட்டார். "சரி, வேன் வரலைன்னா?"

 கம்பெனியில் வெடித்து, வேன் வராமலே போன ஒரு சாயங்காலம் உங்கள் தெருவில் இருந்ததை என்னிடம் சொல்லியிருக்கிறாய்.

"பிள்ளைக ஆடிக்கிட்டேதான் சார் இருக்கும். யாராவது போய்க் கூப்பிடணும்."

அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. நீ பாஸானாய், சென்னைக்குப் போனாய், கம்பெனி வாசலை மிதிக்கவே இல்லை. போன வருஷம் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவன் திரும்பவில்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை.

மகளிடம் முத்தெல்லாம் தீர்ந்து முகம் தொங்கிவிட்டது. என்னிடமிருந்து ரெண்டு எடுத்துப் போட்டேன்.

"இப்படிப் போட்டா ஆட்டம் எப்பப்பா முடியும்?"

வேனைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். சொல்லாமல் இன்னும் ரெண்டு முத்தை அவள் பக்கம் தள்ளினேன்.

"இப்போதைக்கு முடியாது. நீ ஆடு" என்றேன்.