ஓலை வாசிக்க மாட்டோம் என்றார்கள்

என் தங்கக் கண்ணு கீதாஞ்சலிக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையில் நானும் அப்பாவும் உன் அண்ணன் பரணியும் நல்ல சுகம், அந்தக் குளிருக்கும் படிப்புக்கும் நடுவே நீயும் சுகமாயிருக்க வேண்டுமென்று தினமும் ஜெபிக்கிறோம். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நீ அழுவாய், உடனே நானும் அழுவேன், நீ சொல்வதற்கெல்லாம் சரி என்றுவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன், நிதானமாகப் படி. நீ யாரிடமும் மன்னிப்புக் கேட்கக் கூடாது.

வெள்ளிக்கிழமை போனில், என்னால் அண்ணன் கல்யாணம் நிற்க வேண்டாம்மா, வெள்ளையன் ஐயாவுக்கு வாய்ஸ் மெசேஜில் ஸாரி சொல்லிவிடுகிறேன் என்றாயே, அதிலிருந்து எனக்கு வயிறு எரிகிறது. எதற்கு ஸாரி? அந்த ஸ்காட்லாந்து சர்ச்சில் முக்கால்வாசிப் பேர் வயதானவர்கள், நீ முதல் நாள் நம் வழக்கப்படி வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டு சாக்ஸோடு போய் நின்றபோது சிரிக்காமல் பக்கத்தில் உட்காரவைத்து, ஆராதனை முடிந்ததும் டீயும் பிஸ்கட்டும் கொடுத்தவர்கள். திருவிருந்தில் திராட்சை ரசப் பாத்திரம் பிடிக்கிற அம்மாவுக்குக் கை நடுங்குகிறது என்று அங்கே போதகராயிருக்கிற பெண் உன்னைக் கூப்பிட்டார், அந்தப் பாத்திரத்தை நீ ஒவ்வொருவரிடமும் கொண்டுபோய் நீட்டினாய், அவ்வளவுதான். அவர்கள் ஆசையாய் அந்தப் போட்டோவைப் பேஸ்புக்கில் போட, நம் சபைச் செயலாளர் வெள்ளையன் ஐயா அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறார். பெண் பிள்ளை, முக்காடு இல்லை, கையில் கர்த்தருடைய பாத்திரம். உடனே கமிட்டி கூடிவிட்டது. மகள் மன்னிப்புக் கேட்கிறவரை மகனுக்குக் கல்யாண ஓலை வாசிக்க மாட்டார்களாம். மூன்று ஞாயிறு சபையில் ஓலை வாசித்து, தடை சொல்ல ஆளில்லை என்றான பிறகுதானே இங்கே தாலி கட்ட முடியும், அந்தப் பிடியை வைத்துக்கொண்டு மிரட்டுகிறார்கள்.

கமிட்டியில் அப்பா வழக்கம்போல் தலையைக் கவிழ்த்துக்கொண்டார், நான் எழுந்தேன். ஏனுங்கையா, மாசாமாசம் அந்தப் பாத்திரத்துல ஊத்தற திராட்சை ரசத்த எங்கூட்டு அடுப்புல நாந்தானுங்க காச்சறேன், பொம்பளை காச்சுனது ஆகும், பொம்பளை நீட்டுனது ஆகாதுங்களா என்று கேட்டேன். அது வேறு இது வேறு என்றார் வெள்ளையன் ஐயா. நான் வேலை செய்யற பனியன் கம்பெனியில செக்கிங்ல ஒரு பீஸ ரிஜெக்ட் பண்ணோணும்னா எங்க ஓட்டைன்னு ஸ்டிக்கர் ஒட்டிக் காட்டோணுமுங்க, எம்புள்ளகிட்ட எங்கீங்க ஓட்டை, காட்டுங்க என்றேன். அதற்குள் டீ வந்துவிட்டது, எல்லாரும் டீயைப் பார்த்துக்கொண்டார்கள். வெளியே வந்ததும் அப்பா, கொஞ்சம் சத்தமாத்தான் பேசிட்டே என்றார், ஆனால் வண்டி ஓட்டும்போது முதுகு நன்றாக நிமிர்ந்திருந்தது. பரணியோ, தங்கச்சியத் தல குனிய வெச்சு வாசிக்கற ஓலை எனக்கு வேண்டாமுங்கம்மா என்று சொல்லிவிட்டான். மங்கலத்தில் சம்பந்திக்குத்தான் முகம் வாடிவிட்டது, பெண் வேல்விழி மட்டும் போன் செய்து, ஏனுங்கத்தை, எங்கப்பாவ நான் பாத்துக்கறேன், நீங்க எறங்கிப் போவாதீங்க என்றாள். எனக்குப் பயமில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். பத்திரிகை அச்சுக்குப் போய்விட்டது, சொந்தபந்தம் எல்லாம் விசாரிக்கிறார்கள். ஆனாலும் உன்னை விட்டுக்கொடுத்து மருமகளை வீட்டுக்கு அழைக்க எனக்கு மனதில்லை.

இன்று காலை ஆராதனையில் அறிவிப்பு நேரம் வந்தது. வாலிபர் கூட்டம், வீட்டு ஜெபம், சுத்தம் செய்கிற முறை எல்லாம் போதகர் வாசித்தார், பரணி பேரைக் காணோம். அவர் தாளை மடிக்கவும் எனக்கு என்ன வந்ததோ, பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து நானே வாசித்துவிட்டேன். முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டுதான், அதில் குறை சொல்ல விடுவேனா? எங்கள் மகன் பரணிக்கும் மங்கலம் வேல்விழிக்கும் பரிசுத்த விவாகம் நிச்சயமாகியிருக்கிறது, தடை ஏதும் அறிந்தவர்கள் இப்போதே சொல்லுங்கள் என்றேன். வெள்ளையன் ஐயா பாட்டுப் புத்தகத்திலிருந்து தலையை எடுக்கவில்லை, வேறு ஒருவரும் எழவில்லை. வாசித்த அவசரத்தில், ஓலை முடிவில் எத்தனையாவது முறை என்று சொல்ல வேண்டியதை மறந்து உட்கார்ந்துவிட்டேன். மடித்த தாளைத் திரும்பப் பிரித்துக்கொண்டு போதகர் அவரே சொன்னார், இது முதலாம் முறை என்று.

இன்னும் இரண்டு ஞாயிறு இருக்கிறது, அவர் வாசித்தால் அவர், இல்லாவிட்டால் நான். கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காத்து, உன் படிப்பை ஆசீர்வதிக்கட்டும். காதை மூடிக் குல்லா போடு, பன்னைத் தின்று பசியாறாமல் சோறு பொங்கிச் சாப்பிடு. அங்கே மறுபடி பாத்திரத்தை உன் கையில் கொடுத்தால் வாங்கிக்கொள் கண்ணு, போட்டோ எடுத்தால் நேராகப் பார்.

ஆசீர்வாதங்களுடன்,
உன் அம்மா
எப்சிபா மணியன், திருப்பூர்